எச்பேஸ்: ஸ்கேனில் தெரியும் ரோ கீ கெட் போட்டால் கிடைக்கவில்லை, 16 ரீஜனில் ஒன்று மட்டும் வீங்குகிறது

நீர்மட்டம்_புதுவை:

வணக்கம். எச்பேஸ் (பல கணினிகளில் பரவி இயங்கும் தரவுத்தளம்) 2.5, மூன்று ரீஜன் சர்வர். டேபிளைக் கீ எல்லைகளில் வெட்டிய துண்டுதான் ரீஜன். காலாப்பட்டு முதல் பரங்கிப்பேட்டை வரை கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் 420 உணரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டத்தையும் உப்புத்தன்மையையும் அனுப்பும்.

ரோ கீ, அதாவது ஒவ்வொரு வரிசையின் அடையாளம், 24 பைட். முதல் 16 பைட், நிலையத்தின் பெயருக்கான எம்டி5 ஹாஷ் (எந்தச் சரத்தையும் 16 பைட்டாகக் கலக்கித் தரும் கணக்கு). பெயர் என்பது ஊர், ஒரு சிறு கோடு, கிணற்று எண். எல்லாம் தமிழில், யூடிஎஃப்-8. அடுத்த 8 பைட், லாங் எண்ணின் உச்சமான 9223372036854775807-லிருந்து மில்லிசெகண்ட் நேரத்தைக் கழித்து வரும் எண், பிக் எண்டியனில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்). புதிய அளவீடு முதலில் வரவேண்டும் என்பதற்காக இந்தக் கழித்தல். காலம் (column, நெடுவரிசை) ஃபேமிலி ஒன்றுதான். அதில் நிலையப் பெயர், நீர்மட்டம், உப்பு. அளவெடுத்த நேரம் தனி காலமாக இல்லை, கீயில் மட்டும் இருக்கிறது.

பாதி நிலையங்களின் தரவை ஜாவா ரைட்டர் நேராக எழுதுகிறது. மீதி காஃப்கா (மெசேஜ்களைச் சேமித்துக் கடத்தும் அமைப்பு) வழியாக வருகிறது; மெசேஜின் கீயாகவே ரோ கீயை அனுப்புகிறோம், கன்ஸ்யூமர், அதாவது மெசேஜைப் படிக்கும் நிரல், அதை எடுத்து எச்பேஸில் எழுதும்.

கோளாறுகள்:

ஷெல்லில் ஸ்கேன் (பல வரிசைகளைத் தொடர்ந்து படிப்பது) போட்டால் வரிசை (ரோ) தெரிகிறது. அதே கீயை அப்படியே நகலெடுத்து கெட் (கீயைக் கொடுத்து ஒரே வரிசையை எடுப்பது) போட்டால் 0 வரிசை.

டேபிளை 16 ரீஜன், ஹெக்ஸ்ஸ்ட்ரிங்ஸ்பிளிட் (ரீஜன் எல்லைகளைத் தீர்மானிக்கும் ஒரு முறை) என்று கொடுத்து உருவாக்கினோம். மொத்தம் 15.6 ஜிபி. கடைசி ரீஜனில் மட்டும் 9.4 ஜிபி. முதல் ரீஜனில் 3 ஜிபி, நடுவில் ஒன்றில் 2.4 ஜிபி. மற்ற 13 ரீஜன்களில் 0 முதல் 110 எம்பி வரைதான். ஹாஷ் போட்டும் ஏன் சமமாகப் பரவவில்லை?

சில ஊர்களுக்கு, உதாரணமாக சொத்திக்குப்பம், கொத்தட்டை, பெயரை வைத்துத் தேடினால் பாதி நாட்கள்தான் வருகின்றன. முழு ஸ்கேனில் மீதி நாட்களும் இருக்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது?

---

கெடிலக்கரை:

முதல் கோளாறு ஷெல்லோடது, டேபிளோடது இல்ல. எச்பேஸ் ஷெல்னா உள்ளே ஜேரூபி, அதாவது ஜாவால ஓடுற ரூபி மொழி. சிங்கிள் கோட்டுக்குள்ள பேக்ஸ்லாஷ் எக்ஸ் போட்டு ஒரு பைட்ட எழுதினா, அது ஒரு பைட்டா மாறாது. நாலு எழுத்தா அப்படியே போகும். உங்க 24 பைட் கீ எழுபது பைட் அளவுக்கு வீங்கி சர்வருக்குப் போயிருக்கும். அப்படி ஒரு வரிசை கிடையாது, அதனால 0. டபுள் கோட் போட்டா பெரும்பாலும் வேலை செய்யும்.

பெரும்பாலும்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஷெல் கீயைக் காட்டும்போது 32 முதல் 126 வரை உள்ள பைட்ட எழுத்தாவே காட்டும்; பேக்ஸ்லாஷ் மட்டும் விலக்கு. மத்ததுக்குத்தான் ஹெக்ஸ். ஹாஷ்ல எந்த பைட்டும் வரலாம். 34 வந்தா அது டபுள் கோட்டு, உங்க சரம் பாதியிலேயே முடிஞ்சிடும். 35-க்குப் பின்னாடி 123 வந்தா #, { ரெண்டும் சேர்ந்து ரூபி அதை நிரல்னு நினைச்சு ஓட்டப் பார்க்கும். # பக்கத்துல $ அல்லது @ வந்து, அதுக்கு அப்புறம் ஓர் எழுத்து வந்தாலும் இதே கதைதான். 32, அதாவது இடைவெளி, கீயோட கடைசியில இருந்தா நகலெடுக்கும்போது விட்டுப் போயிடும். டெர்மினல் அகலம் பத்தலைன்னா ஷெல் கீயை ரெண்டு வரியா மடக்கும், நடுவுல ஒட்டிக்கிற வெற்றிடமும் கூடவே வந்துடும்.

அதனால நகலெடுக்கவே வேண்டாம். கீயை 48 ஹெக்ஸ் எழுத்தா ஒரே சரமா எழுதி, சதுர அடைப்புக்குள்ள போட்டு, .பேக் கூப்பிட்டு 'எச்*' கொடுங்க. வர்றது சரியா 24 பைட். அதை கெட்டுக்குக் கொடுத்தா மேற்கோள் தொல்லையே இல்ல. ஸ்கேன்ல தொடக்க வரிசைக்கும் முடிவு வரிசைக்கும் இதே முறைதான்.

ஹெக்ஸ் வேணும்னா லினக்ஸ்ல எம்டி5சம் போதும். ஆனா எக்கோ போட்டு பைப் பண்ணாதீங்க. அது கடைசியில 10-ங்கிற புதுவரி பைட்டையும் ஒட்டிடும், ஹாஷ் முழுசா மாறிடும். பிரிண்ட்எஃப் '%எஸ்' போட்டுப் பெயரைக் கொடுங்க. கட்டளை வரில எடுத்த ஹாஷ் ஜாவாவோட ஒத்துப்போகலைன்னா நான் முதல்ல பார்க்கிறது இந்தப் புதுவரியைத்தான்.

---

உப்பளம்:

இரண்டாவது கோளாறுக்கு விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. கீ பைனரி; ஆனால் பிரித்திருக்கும் எல்லைகள் ஹெக்ஸ் எழுத்துகளுக்கானவை.

ஹெக்ஸ்ஸ்ட்ரிங்ஸ்பிளிட் 16 ரீஜன் போட்டால் எல்லைகள் 10000000, 20000000 என்று போய், 90000000-க்குப் பின் ஏ0000000 முதல் எஃப்0000000 வரை வரும், சிறிய எழுத்தில். இவை எழுத்துகள். 1-இன் பைட் மதிப்பு 49, 9-க்கு 57, சிறிய ஏ-க்கு 97, எஃப்-க்கு 102. எம்டி5-இன் முதல் பைட் 0 முதல் 255 வரை சமமாகப் பரவுகிறது. இப்போது பொருத்திப் பாருங்கள். 0 முதல் 49-இன் தொடக்கம் வரை முதல் ரீஜன், 19 விழுக்காடு. 57 முதல் 97 வரை எழுத்தே இல்லாத இடைவெளி, அது முழுவதும் 90000000 என்று தொடங்கும் ரீஜனில், 15.6 விழுக்காடு. 102-க்கு மேலே இருப்பதெல்லாம் கடைசி ரீஜனில், 60 விழுக்காடு. மற்ற 13-க்கும் தலைக்கு 0.39 விழுக்காடு.

15.6 ஜிபியில் 60 விழுக்காடு 9.4 ஜிபி. நீங்கள் கொடுத்த எண்ணேதான். 420 நிலையங்களில் 0.39 விழுக்காடு என்றால் ஒன்றரை நிலையம், ஆகவே அந்தச் சிறிய ரீஜன்களில் சில காலியாகவும் சிலவற்றில் இரண்டு மூன்று நிலையங்களாகவும் இருப்பது இயல்பு. ரீஜன் அளவின் உச்சவரம்பை மாற்றாமல் விட்டிருந்தால் அது 10 ஜிபி. அதனால்தான் கடைசி ரீஜன் இன்னும் தானாக உடையவில்லை.

பைனரி ஹாஷுக்கு, பைட் மதிப்பைச் சமமாகப் பிரிக்கும் யூனிஃபார்ம்ஸ்பிளிட்தான் சரி. ஹெக்ஸ் எழுத்தாகவே கீ வைக்கிறவர்களுக்கும் ஒரு பொறி உண்டு: ஹாஷைப் பெரிய எழுத்தில் எழுதினால் ஏ முதல் எஃப் வரை பைட் 65 முதல் 70. அது 57-க்கும் 97-க்கும் நடுவில் விழும். 16-இல் 7 பங்கு ஒரே ரீஜனுக்குப் போய், கடைசி ஆறு ரீஜன்கள் காலியாகவே கிடக்கும்.

டேபிளை இடித்துக் கட்ட வேண்டாம், எல்லைகளை மட்டும் மாற்றலாம். ஆனால் அதைத் தொடும் முன், காஃப்கா வழியாக வந்த வரிசைகளின் கீயை ஒருமுறை இங்கே போடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

---

நீர்மட்டம்_புதுவை:

நன்றி. பேக் முறையில் கெட் வேலை செய்கிறது.

நேரடி ரைட்டரின் ஒரு கீ: 16 பைட்டுக்குப் பின் ஹெக்ஸில் 7எஃப், எஃப்எஃப், எஃப்இ என்று தொடர்கிறது.

காஃப்கா வழியாக வந்த ஒன்று: 7எஃப்-க்குப் பின் இஎஃப், பிஎஃப், பிடி, மறுபடியும் இஎஃப், பிஎஃப், பிடி. கீயின் முன்பகுதியிலும் இதே மூன்று பைட் ஐந்தாறு இடங்களில் வருகிறது. இந்த வழி நிலையங்களின் பெயரை வைத்துத் தேடினாலும் கிடைப்பதில்லை. முழு ஸ்கேனில் பெயர்க் காலத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். வரிசை எண்ணிக்கையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

---

வெள்ளாறு:

உப்பளம் சந்தேகப்பட்டது இதைத்தான். இஎஃப், பிஎஃப், பிடி, அதாவது 239, 191, 189: யூடிஎஃப்-8 ஆகப் படிக்க முடியாத பைட்டுக்குப் பதிலாக ஜாவா வைக்கும் மாற்றெழுத்து. கன்ஸ்யூமரில் கீக்கு ஸ்ட்ரிங்டிசீரியலைசர் போட்டிருக்கிறீர்கள். பைட் வரிசை ஸ்ட்ரிங்காகி, மறுபடி பைட்டாகி எழுதப்படுகிறது. அதை பைட்அரேடிசீரியலைசர் ஆக மாற்றுங்கள், இன்றைக்கே. அது நடக்கும் வரை கெட்ட கீ சேர்ந்துகொண்டே இருக்கும்.

கெட்ட வரிசைகளைப் பிரிக்க உங்கள் கீயிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. இன்றைய தேதிகளின் மில்லிசெகண்டை லாங் உச்சத்திலிருந்து கழித்தால் முதல் மூன்று பைட் எப்போதும் 127, 255, 254. இவற்றில் 255-ம் 254-ம் யூடிஎஃப்-8-இல் எங்கேயும் வரக்கூடாத பைட்டுகள். ஒவ்வொன்றும் கட்டாயம் மூன்று பைட்டாக மாறும். ஆகவே கெட்ட கீ எதுவும் 28 பைட்டுக்குக் குறையாது. நல்ல கீ எல்லாம் 24. முதல் செல்லின் கீயை மட்டும் கேட்கும் ஃபில்டர்கள் இரண்டையும், ஃபர்ஸ்ட்கீஒன்லி, கீஒன்லி, சேர்த்து ஸ்கேன் போட்டு நீளத்தை எண்ணினால் போதும். மதிப்பைப் படிக்க வேண்டாம்.

இன்னொன்று, ரீஜன் அளவை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. 128-க்கு மேல் தொடங்கும் ஹாஷ் பெரும்பாலும் 239-இல் தொடங்குவதாக மாறிவிடும். இரண்டுமே இப்போதைய கடைசி ரீஜனில்தான் விழும். எல்லைகளைச் சரி செய்த பிறகு பார்த்தால் 224-க்கும் 240-க்கும் நடுவில் உள்ள ரீஜன் மட்டும் தனியாகப் பருக்கும்.

எண்ணிக்கை குறைந்தது ஏன் என்றால், வெவ்வேறு நேரங்கள் ஒரே கீயாகச் சுருங்குகின்றன. நேரத்தின் கடைசி நான்கு பைட் 49.7 நாளுக்கு ஒரு முறை முழுச் சுற்று சுற்றும். அதற்குள் ஒரு நிலையத்திலிருந்து 7,150 அளவீடு வரும். நான்கு பைட்டும் 128-க்கு மேலிருக்கும் வாய்ப்பு 16-இல் ஒன்று. ஆக 450 அளவீடு வரை கைவிரலில் எண்ணக்கூடிய சில கீகளுக்குள் அடங்கிவிடும். காலம் ஃபேமிலியில் வெர்ஷன் எண்ணிக்கையை மாற்றாமல் விட்டால் அது 1. பழைய செல்கள் கம்பாக்ஷனில் (கோப்புகளை ஒன்றாக்கி மாற்றி எழுதும் வேலை) போய்விடும்.

அதனால் எதை முதலில் செய்வது என்பது முக்கியம். உப்பளம் அடுத்துச் சொல்லப் போகும் ஸ்பிளிட் வேலையில் கம்பாக்ஷன் நடந்தே தீரும். அதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஸ்னாப்ஷாட் சுட்டும் எச்ஃபைல்கள் (தரவுக் கோப்புகள்), பிறகு கம்பாக்ஷன் ஆனாலும் ஆர்க்கைவில் தங்கும். அதிலிருந்து க்ளோன் போட்டு ஒரு தனி டேபிள் உருவாக்கி, உடனே அதன் கம்பாக்ஷன்_எனேபிள்டு பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். க்ளோனில் ரா ஸ்கேன், வெர்ஷன் 1000 என்று கேட்டால், இன்னும் அழியாமல் இருக்கும் பழைய செல்களும் வரும்.

மீட்பது இப்படி. நிலையப் பெயர் காலத்தில் இருக்கிறது. அது முறையான யூடிஎஃப்-8 என்பதால் ஸ்ட்ரிங்காகப் போய் வந்தும் கெடவில்லை. அதற்குப் புதிதாக எம்டி5 எடுங்கள். நேரம் கீயில் செத்துவிட்டது, ஆனால் செல்லின் டைம்ஸ்டாம்ப் இருக்கிறது. அது எழுதிய நேரம், அளவெடுத்த நேரம் அல்ல. உணரி பத்து நிமிட ஒழுங்கில் அனுப்புவதால் அதற்கு முந்தைய பத்தாவது நிமிடத்துக்கு இறக்கினால் பெரும்பாலும் பொருந்தும். இணைப்பு அறுந்து மொத்தமாக வந்த நேரங்களில் பொருந்தாது. ஒரே பத்து நிமிடத்துக்கு ஒரு நிலையத்தில் இரண்டு செல் வந்தால் அந்த இடத்தைக் குறித்து ஒதுக்குங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

காஃப்காவில் அனுப்பியவர் பக்கம் பைட் சரியாகவே போயிருக்கும். ரிடென்ஷனை (மெசேஜை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை) மாற்றாவிட்டால் 7 நாள் வரை மெசேஜ் இருக்கும். புதிய கன்ஸ்யூமர் குரூப் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினால் கடைசி ஒரு வாரம் ஊகமே இல்லாமல் திரும்பக் கிடைக்கும். இதை முதலில் செய்யுங்கள், ரிடென்ஷன் யாருக்காகவும் காத்திருக்காது.

மீட்ட தரவை டேப் பிரித்த உரைக் கோப்பாக எடுத்து இம்போர்ட்டிஎஸ்வி வழியாக ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரேண்டமான 16 பைட்டில் 9 அல்லது 10 எங்காவது வரும் வாய்ப்பு 100-க்கு 12. அத்தனை வரியும் நடுவில் உடையும். நிரலிலிருந்து நேராகப் புட் போடுங்கள்.

---

கெடிலக்கரை:

மூணாவது கோளாறுக்கு வர்றேன். சொத்திக்குப்பம், கொத்தட்டை: ரெண்டுலயும் ஒ-காரம். சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு இதுல எல்லாமும் இருக்கான்னு பாருங்க. தாழங்குடா, தேவனாம்பட்டினத்துல இருக்காது. சரியா?

ஒ-காரக் குறியை யூனிகோடுல ரெண்டு விதமா எழுதலாம், ஓ-காரமும் அப்படித்தான். ஒரே குறியா எழுதினா பைட் 224, 175, 138. எ-காரக் கொம்பும் காலும் தனித்தனியா எழுதினா 224, 175, 134, அப்புறம் 224, 174, 190. திரையில ரெண்டும் ஒண்ணுதான், எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. சொத்திக்குப்பம் ஒரு விதத்துல 45 பைட், இன்னொரு விதத்துல 48. எம்டி5-க்கு அது ரெண்டு வேற ஊர். பதிவு செஞ்ச ஆள் விசைப்பலகையை மாத்தியிருப்பார், இல்லைன்னா பழைய எழுத்துரு மாற்றி வழியா வந்த எக்செல்லா இருக்கும். அந்த நாள்லேர்ந்து வேற கீ.

ஹாஷுக்கு முன்னாடி என்எஃப்சி நார்மலைஸ் (ஒரே எழுத்தோட வேற வேற வடிவத்தை ஒண்ணாக்குறது) பண்ணுங்க. ஜாவால ஜாவா.டெக்ஸ்ட்.நார்மலைசர், பைத்தான்ல யூனிகோட்டேட்டா. ரெண்டும் ஒரே குறியா சேர்த்துடும். முன்னும் பின்னும் இடைவெளியை வெட்டுங்க. ஆனா என்எஃப்சி எல்லாத்தையும் பிடிக்காது: கண்ணுக்குத் தெரியாத இணைப்பான், இணைப்பு நீக்கி எழுத்துகள் அப்படியே தங்கும். ஔ-காரத்தைக் கொம்பு போட்டு ளகரம் தட்டி எழுதினது, காலுக்குப் பதிலா ரகரம் தட்டினது, இதெல்லாம் யூனிகோடு கணக்குல வேற எழுத்து, சேராது.

என்னைக் கேட்டா ஊர்ப் பெயரை ஹாஷுக்குள்ள விடவே கூடாது. நிலையத்துக்கு ஒரு எண், 4 பைட். பெயர் தனி டேபிள்ல.

---

உப்பளம்:

ஸ்னாப்ஷாட், க்ளோன் முடிந்தது என்று வைத்துக்கொண்டு எல்லைகளுக்கு வருகிறேன்.

16 சம ரீஜனுக்கு எல்லையின் முதல் பைட் 16, 32, 48 என்று 240 வரை, மொத்தம் 15. உங்கள் டேபிளில் இவை விழும் இடம் வசதியாக இருக்கிறது. 16, 32, 48 மூன்றும் முதல் ரீஜனுக்குள்; 64, 80, 96 மூன்றும் அந்த 2.4 ஜிபி ரீஜனுக்குள். 112 முதல் 240 வரை ஒன்பதும் கடைசி ரீஜனுக்குள். சிறிய 13-இல் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம்.

ஸ்பிளிட் கட்டளைக்கு ரீஜனின் என்கோடட் பெயரும், டபுள் கோட்டில் ஒரு பைட் எல்லையும் கொடுங்கள். ஹெக்ஸில் 10, 20, 30 என்று போகும். சிங்கிள் கோட் போட்டால் மறுபடியும் நான்கு எழுத்து எல்லையாகிவிடும், அது 92 என்ற பைட்டில் தொடங்கும். அப்படி ஒன்று உருவானால் கெட்_ஸ்பிளிட்ஸ் பட்டியலில் உடனே தெரியும்.

கடைசி ரீஜனை முதலில் நடுவில், 176-இல் வெட்டுங்கள். பிறந்த இரண்டும் தாயின் கோப்பைச் சுட்டும் ரெஃபரன்ஸ் கோப்போடுதான் இருக்கும். அது கம்பாக்ஷன் ஆகும் வரை அடுத்த ஸ்பிளிட் நடக்காது. மேஜர் கம்பாக்ட் கொடுத்து, முடிந்ததா என்று பார்த்து, அதற்குப் பிறகு 128, 208 என்று போங்கள். அவசரப்பட்டு ஒரே ஸ்கிரிப்டில் ஒன்பதையும் வரிசையாக அடித்தால் முதல் ஒன்றுக்குப் பின் எதுவும் நகராது.

15 வெட்டும் முடிந்தால் 31 ரீஜன். அடுத்து சேர்த்தல். 48-இல் தொடங்குவதிலிருந்து 64-க்கு முந்தியது வரை பத்து ரீஜன், அவை ஒன்றாக. 96-இல் தொடங்குவதிலிருந்து 112-க்கு முந்தியது வரை ஏழு, அவையும் ஒன்றாக. 31-இல் 9-ம் 6-ம் போனால் 16. மெர்ஜ்_ரீஜன் புதிய பதிப்புகளில் இரண்டுக்கு மேற்பட்ட ரீஜனையும் ஒரே தடவையில் ஏற்கும், அடுத்தடுத்து இருக்க வேண்டும். இரண்டிரண்டாகச் செய்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பின் கம்பாக்ஷனும், கேட்டலாக்ஜேனிட்டர்_ரன்-ம் (பழைய ரீஜன் குறிப்பை நீக்கும் கட்டளை) கொடுங்கள். அந்தக் குறிப்பு ரீஜன் பட்டியலான மெட்டாவில் இருக்கும் வரை அடுத்த மெர்ஜை மாஸ்டர் மறுக்கும்.

16 ஜிபிக்கு 16 ரீஜன் தேவையா என்றால் தேவையில்லை, மூன்று சர்வருக்கு 6 போதும். எழுதும் சுமை பரவ வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

---

நீர்மட்டம்_புதுவை:

பெயர் விஷயம் சரிதான், ஒ-காரமும் ஓ-காரமும் உள்ள ஊர்கள் மட்டுமே மாட்டியிருக்கின்றன. கன்ஸ்யூமர் மாற்றியாயிற்று, ஸ்னாப்ஷாட் எடுத்தாயிற்று, ரீப்ளே ஓடுகிறது.

இன்னும் ஒன்று. ஜாவா நிரலில் ஒரு நிலையத்தின் 16 பைட் ஹாஷைத் தொடக்கமாகவும், கடைசி பைட்டில் 1 கூட்டியதை முடிவாகவும் வைத்து ஸ்கேன் செய்கிறோம். நேரடி ரைட்டர் எழுதுகிற, பெயரில் ஒ-காரம் இல்லாத ஒரே ஒரு நிலையத்துக்கு மட்டும் எப்போதும் காலியாக வருகிறது. கெட் போட்டால் வரிசை இருக்கிறது.

---

வெள்ளாறு:

அந்த நிலையத்தின் ஹாஷ் 255-இல் முடிகிறது. 255-ஓடு 1 கூட்டி பைட்டாக்கினால் 0. முடிவு வரிசை தொடக்கத்துக்கு முன்னால் போய்விடுகிறது, ஸ்கேனுக்கு எதுவும் அகப்படாது. 256-இல் ஒரு ஹாஷ் இப்படி முடியும். 420-இல் ஒன்றிரண்டு வருவது எதிர்பார்க்கக்கூடியதே. 255-ஐ வெட்டிவிட்டு அதற்கு முந்தைய பைட்டில் 1 கூட்ட வேண்டும். நீங்களே எழுத வேண்டாம், 2.5-இல் ஸ்கேன் வகுப்பின் செட்ஸ்டார்ட்ஸ்டாப்ரோஃபார்பிரிஃபிக்ஸ்ஸ்கேன் இதைச் சரியாகச் செய்யும்.

ஜாவாவில் இருக்கும்போதே: பைட் அங்கே குறியுள்ள எண், -128 முதல் 127 வரை. எச்பேஸ் ஒப்பிடுவது 0 முதல் 255 வரை. கீயை நீங்களே வரிசைப்படுத்தும் இடம் எங்காவது இருந்தால் பைட்ஸ் வகுப்பின் கம்பேர்டு-வை மட்டும் பயன்படுத்துங்கள். பைட் அரேயை ஹாஷ்மேப்பின் கீயாக வைத்தாலும் தேடல் பொய்க்கும். அங்கே உள்ளடக்கத்தை ஒப்பிடுவதில்லை.

மீட்ட தரவை எப்படியும் புதிதாக எழுதப் போகிறீர்கள் என்பதால் கீயையும் மாற்றிவிடலாம். கெடிலக்கரை சொன்ன நிலைய எண்ணை வைத்து: எண்ணின் எம்டி5-இல் முதல் 4 பைட், பிறகு அதே நிலைய எண் 4 பைட், பிறகு நேரம் 8 பைட். மொத்தம் 16. ஹாஷ் பரப்புவதற்கு மட்டும். அடையாளம் எண்ணிலேயே இருக்கிறது, ஆகவே ஹாஷ் மோதினாலும் கவலை இல்லை. கீயைப் பார்த்தே எந்த நிலையம் என்று படிக்கலாம், இப்போது அது முடியாது.

---

உப்பளம்:

கீ ஒவ்வொரு செல்லிலும் திரும்ப எழுதப்படும், ஆகவே 8 பைட் மிச்சம் நல்லதுதான். ஃபாஸ்ட்_டிஃப் என்கோடிங் (முந்தைய கீயிலிருந்து மாறும் பகுதியை மட்டும் எழுதுவது) போட்டால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கிடைத்துவிடும். அதற்காக மட்டும் 15 ஜிபியைத் திருப்பி எழுதச் சொல்ல மாட்டேன். கீயைப் படிக்க முடிகிறது என்பதற்காகச் சொல்வேன்.

ஹாஷ் மட்டும் எம்டி5-ஆகவே இருக்கட்டும். வேகமானது என்று மர்மர் என்ற ஹாஷுக்குப் போகாதீர்கள். ஸ்பார்க்கின் ஹாஷ் செயல்பாடு விதை 42-ஓடு, மிச்ச பைட்டுகளைத் தன் வழியில் கையாளும். குவாவாவின் பழைய மர்மர்3_32 சில சரங்களுக்குத் தவறான விடை தந்ததால் திருத்திய பதிப்பைத் தனிப் பெயரில் வைத்தார்கள். ரைட்டர் ஒன்றும் ரீடர் மற்றொன்றும் வைத்தால் மறுபடி இதே கதை. பைத்தானின் உள்ளமைந்த ஹாஷ்() அதைவிட மோசம், 3.3 முதல் சரங்களுக்கு ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை மாறும். எம்டி5 எந்த மொழியிலும் ஒரே பைட். கடவுச்சொல்லுக்கு அது ஆகாது என்பது வேறு வழக்கு.

புதிய டேபிளை யூனிஃபார்ம்ஸ்பிளிட் போட்டு உருவாக்கினால் நான் மேலே எழுதிய வெட்டும் ஒட்டும் தேவைப்படாது. ரைட்டர் இரண்டையும் சில நாள் பழைய, புதிய டேபிள் இரண்டிலும் எழுத விடுங்கள். ஒத்துப் பார்க்கும்போது வரிசை எண்ணிக்கையோடு கீயின் நீளத்தையும் எண்ணுங்கள். 16 அல்லாத நீளம் ஒன்று வந்தாலும் எழுதும் வழியில் எங்கோ இன்னொரு ஸ்ட்ரிங் ஒளிந்திருக்கிறது.